பழைய காருக்கு புது வயரிங்: ஃப்யூஸ் பாக்ஸை எங்க மாட்டுறது?

பழைய காருக்கு முழுசா வயரிங் மாத்தப் போறோம்னு முடிவு பண்ணினதும் எல்லாரும் முதல்ல பண்றது வயர் வாங்குறது. கலர் கலரா ரோல் வந்து இறங்கும், கிரிம்ப் டூல் (வயர் நுனியில டெர்மினலை நசுக்கிப் பிடிக்க வைக்கிற கருவி) வரும், ரிலே (சின்ன கரண்டால பெரிய கரண்டை ஆன் பண்ற சுவிட்ச்) வரும், ஃப்யூஸ் பாக்ஸும் வரும், ஆனா அந்த பாக்ஸ் எங்க உட்காரப் போகுதுங்கிற கேள்வி மட்டும் கடைசி வரைக்கும் தள்ளிப் போயிட்டே இருக்கும். கடைசியில எங்க இடம் காலியா தெரியுதோ அங்க ரெண்டு ஸ்க்ரூ போட்டு முடிச்சிருவோம். தயவு செஞ்சு இதை தலைகீழா பண்ணுங்க. ஒரு வயர் கூட வெட்டுறதுக்கு முன்னாடி பாக்ஸோட இடத்தை முடிவு பண்ணுங்க, ஏன்னா ஒவ்வொரு வயரும் எவ்வளவு நீளம், எந்த ஓட்டை வழியா போகணும், எவ்வளவு தடிமன் வேணும், நாளைக்கு ஒரு ரிப்பேர்னா எங்க கையை விடணும், எல்லாமே அந்த ஒரு இடத்தை வெச்சுத்தான் வரும்.

இதை நான் பட்டுத்தான் கத்துக்கிட்டேன். நான் முதல்ல முழு வயரிங் மாத்தின கார்ல பாசஞ்சர் பக்கம் டாஷுக்கு அடியில, ஹீட்டருக்கு நேர் கீழ ஒரு தகடு சும்மா இருந்துச்சு, அளவும் கச்சிதமா இருந்துச்சு, மாட்டிட்டேன். எட்டு மாசம் கழிச்சு நல்ல மழையில வைப்பர் நின்னு போச்சு. ஓரங்கட்டி டார்ச் அடிச்சு மூடியைத் திறந்தா டெர்மினல் எல்லாம் பச்சை பச்சையா பூத்துப் போயிருக்கு. ஹீட்டர் ஹோஸ் கிளிப்புல இருந்து சொட்டு சொட்டா கூலன்ட் கசிஞ்சு, வயரைப் பிடிச்சே இறங்கி, நேரா பாக்ஸுக்குள்ள போயிருக்கு. கிரிம்ப் சரி, ஃப்யூஸ் சரி, வயர் சைஸ் சரி, இடம் மட்டும்தான் தப்பு. அன்னையில இருந்து ட்ரில்லை கையில எடுக்கிறதுக்கு முன்னாடி அந்த இடத்துக்கு ஒரு பரீட்சை வெக்கிறேன். வயர், சூடு, தண்ணி, கைன்னு நாலு பேப்பர். நாலுலயும் பாஸானாத்தான் ஓட்டை.

முதல் பேப்பர் வயர். இதுக்கு கார் பக்கத்துல கூட போக வேண்டாம், ஒரு பேப்பரும் பேனாவும் போதும். கார்ல என்னென்ன சர்க்யூட் இருக்குன்னு ஒண்ணு விடாம எழுதுங்க, ஹெட்லைட் ஹை, லோ, பார்க்கிங் லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், ஹீட்டர் ஃபேன், மீட்டர்கள், இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் எலக்ட்ரிக்கா இருந்தா அது, ரேடியேட்டர் ஃபேன் புதுசா போடுறதா இருந்தா அது, ரேடியோ, சார்ஜர் பாயிண்ட். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு விஷயம் எழுதுங்க: கரண்ட் எங்க இருந்து வருது, சுவிட்ச் எங்க இருக்கு, லோடு எங்க இருக்கு. இப்ப நடுவுல ஒரு கோடு போடுங்க, அதுதான் ஃபயர்வால், இஞ்சினையும் கேபினையும் பிரிக்கிற தகடு. அந்தக் கோட்டை எத்தனை வயர் தாண்டுதுன்னு எண்ணுங்க. முதல்ல பாக்ஸ் இஞ்சின் பக்கம் இருக்கிற மாதிரி வெச்சு எண்ணுங்க, அப்புறம் கேபின் பக்கம் வெச்சு எண்ணுங்க.

எண்ணிப் பார்த்தாத்தான் புரியும், ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு. பாக்ஸ் இஞ்சின் பக்கம் இருந்தா, பேட்டரி லைவ், அதாவது கரண்ட் கொண்டு வர்ற வயர், கேபினுக்குள்ள இக்னிஷன் சுவிட்சுக்கு போகுது, அங்க இருந்து வெளிய பாக்ஸுக்கு வருது, ஃப்யூஸைத் தாண்டி மறுபடி உள்ள வைப்பர் சுவிட்சுக்கு போகுது, அங்க இருந்து மறுபடி வெளிய வைப்பர் மோட்டாருக்கு வருது. ஒரு சர்க்யூட்டுக்காக ஒரே தகட்டை நாலு தடவை தாண்டியாச்சு. பாக்ஸ் கேபின்ல இருந்தா ரெண்டு தடிமனான லைவ் உள்ள வரும், வேலை முடிஞ்ச வயர்கள் மட்டும் வெளிய போகும். ஃபயர்வாலைத் தாண்டுற ஒவ்வொரு வயரும் தகட்டு விளிம்புல உரசக்கூடிய ஒரு வயர், அதனால தாண்டுற எண்ணிக்கை குறைய குறைய கார் பத்திரம். பின் பக்கம் போற டெயில் லைட், பிரேக் லைட், பெட்ரோல் மீட்டர் வயர் எல்லாம் எப்படியும் கேபின் வழியா கதவு ஓரத் தரையிலதான் போகும், அதுக்கும் கேபின் பாக்ஸ்தான் வசதி.

அப்போ பழைய கம்பெனிக்காரங்க ஏன் பானட்டுக்குள்ள வெச்சாங்கன்னு கேப்பீங்க. எம்ஜிபிங்கிற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கோங்க, பாக்ஸ் பானட்டுக்குள்ள பக்கவாட்டு தகட்டுலதான் இருக்கும், ஆனா ஆரம்ப மாடல்ல அதுல வேலை செய்யுற ஃப்யூஸே ரெண்டுதான், ஹெட்லைட்டுக்கு ஃப்யூஸே கிடையாது. ரெண்டே ஃப்யூஸ்னா எங்க வெச்சாலும் ஒண்ணுதான். நம்ம இப்போ எட்டு, பத்து, பன்னெண்டு சர்க்யூட் தனித்தனியா பிரிக்கப் போறோம், அதனால அந்தப் பழைய இடத்தை கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்க முடியாது. ஜாகுவார் மார்க் 2, ஈ-டைப் கார்கள்ல வேற மாதிரி யோசிச்சிருக்காங்க, நடு மீட்டர் பேனல்ல ரெண்டு திருகைக் கழட்டினா பேனல் அப்படியே முன்னாடி மடங்கி வரும், பின்னாடி ஃப்யூஸ் எல்லாம் வரிசையா கண்ணுக்கு நேரா. அதைப் பார்த்தப்போதான் நல்ல இடம்னா என்னன்னு எனக்கு விளங்குச்சு. காய்ஞ்ச இடம், சூடில்லாத இடம், சாதாரணமா கண்ணுக்குத் தெரியாது, வேணும்னா ஒரு நிமிஷத்துல முழுசா தெரியும்.

அடுத்து சூடு. ஃப்யூஸ்ங்கிறதே சூட்டுல உருகுற பொருள்தான், அதனால சுத்தி இருக்கிற சூடு அதை நேரா பாதிக்கும். ஃப்யூஸ் மேல எழுதியிருக்கிற ஆம்பியர் 25 டிகிரிக்கு சொன்ன கணக்கு. அந்த 25 டிகிரியிலயே தொடர்ந்து ஓடுற லோடு ரேட்டிங்ல முக்கால் பங்குக்கு மேல போகக்கூடாது, அதாவது 10 ஆம்பியர் ஃப்யூஸுக்கு 7.5. இஞ்சின் சூட்டுல இதை இன்னும் குறைக்கணும், இல்லேன்னா சர்க்யூட்ல ஒரு தப்பும் இல்லாமலே ஃப்யூஸ் போகும், நாம ஷார்ட் எங்கன்னு ரெண்டு நாள் தேடுவோம், கிடைக்காது, அப்புறம் கோவத்துல பெரிய ஃப்யூஸா போடுவோம், ஆபத்து அங்கதான் ஆரம்பிக்குது. வயர் மேல இருக்கிற பிளாஸ்டிக்குக்கும் ஒரு அளவு இருக்கு, சாதா பிவிசி 70 டிகிரி பக்கம், தின்வால்னு சொல்ற மெல்லிசு தோல் வயர் 105 வரைக்கும் தாங்கும்.

பரீட்சை இப்படி. ஒரு சின்ன தெர்மாமீட்டரை, நீளமான வயர் சென்சார் இருக்கிறதா இருந்தா ரொம்ப நல்லது, நீங்க நினைச்ச இடத்துல டேப் போட்டு ஒட்டுங்க. ஒரு மணி நேரம் காரை ஓட்டுங்க, டிராஃபிக்லயும் ஓட்டுங்க. அப்புறம் நிறுத்திட்டு உடனே பார்க்காதீங்க, பத்து பதினஞ்சு நிமிஷம் விட்டுப் பாருங்க. ஓடும்போது ஃபேன் காத்து அடிக்கும், நிறுத்தினதும் காத்தும் நிக்கும், கூலன்ட் சுத்துறதும் நிக்கும், மேனிஃபோல்டு சூடு முழுக்க பானட்டுக்குள்ளயே தேங்கும், அதனால அதிகபட்ச சூடு வர்றது நிறுத்தினதுக்கு அப்புறம்தான். 60 டிகிரிக்கு மேல காட்டினா நான் அந்த இடத்தை விட்டுருவேன். கேபின்லயும் அசந்துராதீங்க, ஹீட்டர் பெட்டிக்கு ஒட்டின இடம், டிரான்ஸ்மிஷன் டனல் மேல, வெயில் நேரா விழுற டாஷ் மேல்பக்கம், இதெல்லாமும் நல்லாவே சூடாகும்.

மூணாவது தண்ணி, இதுல நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பழைய கார்ல தண்ணி வராத இடம்னு நம்ம கண்ணு சொல்றதை நம்பாதீங்க. முன் கண்ணாடி ரப்பர் காய்ஞ்சு வெடிச்சிருக்கும், கண்ணாடிக்கு கீழ இருக்கிற காத்து வாங்குற ஜாலியோட வடிகால்ல இலை அடைச்சிருக்கும், வைப்பர் ஸ்பிண்டில் ரப்பர் போயிருக்கும், ஹீட்டர் ஹோஸ் நான் சொன்ன மாதிரி கசியும், கதவு சீல் விட்டுப்போய் தண்ணி உள் தகட்டுல வழியும். மழை நின்னு நாலு நாள் கழிச்சு காலைல ஈரக்காத்து குளிர்ந்த தகட்டுல பட்டு வேர்க்கும், அதுவும் தண்ணிதான்.

டிஷ்யூ பேப்பர் இல்லேன்னா நியூஸ் பேப்பர் துண்டு எடுத்து, நினைச்ச இடத்துலயும் அதுக்கு மேலயும் கீழயும் ஒட்டுங்க. ஒருத்தர் வெளிய நின்னு ஹோஸால முன் கண்ணாடி அடியில, ஜாலி மேல, கதவு ஓரம்னு ஒவ்வொரு இடமா அஞ்சு நிமிஷம் அடிக்கட்டும், நீங்க உள்ள டார்ச் வெச்சுக்கிட்டு பாருங்க. பேப்பர் எங்க நனையுதோ தண்ணி அங்க வருது, அவ்வளவு சுலபம். நனைஞ்சா ரெண்டு வழி, ஓட்டையை அடைச்சிட்டு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க, இல்ல இடத்தை மாத்துங்க. சிலிக்கான் பூசி பாக்ஸையே மூடிரலாம்னு மட்டும் போகாதீங்க, ஒரு தடவை உள்ள போன ஈரம் வெளிய வர வழி இருக்காது, மூடின டப்பாவுக்குள்ள டெர்மினல் இன்னும் சீக்கிரம் அரிக்கும்.

தண்ணியோட சேர்த்து இன்னொண்ணும் பாருங்க, மத்த திரவங்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்கு கீழ பாக்ஸ் கூடவே கூடாது, பிரேக் ஆயில் பெயிண்டையே உரிக்கிற சாமான், டெர்மினல் மேல விழுந்தா நிலைமை மோசம். சிலிண்டர் பின்பக்க சீல் போனா அதே ஆயில் கேபினுக்குள்ள பெடல் பக்கமும் வழியும், அதனால உள்பக்கமும் அதுக்கு நேர் கீழ வேண்டாம். பேட்டரிக்கு ஒட்டியும் வேண்டாம், சார்ஜ் ஆகும்போது வர்ற ஆசிட் ஆவி செம்பை அரிக்கும், கூடவே வர்ற ஹைட்ரஜன் பக்கத்துல ஃப்யூஸைப் பிடுங்கி சொருகினா வர்ற சின்ன பொறியே போதும் வெடிக்க. கார்புரேட்டர், பெட்ரோல் பைப் ஜாயிண்ட் பக்கத்துலயும் அதே காரணம்தான். இந்த மூணு விஷயத்துல மட்டும் விட்டுக்கொடுக்கவே மாட்டேன், இடம் எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

கடைசி பேப்பர் கை. ராத்திரி, லைட்டை அணைச்சிட்டு, டிரைவர் சீட்ல உட்காருங்க. ஒரு கையில டார்ச், இன்னொரு கையில ஃப்யூஸ் பிடுங்குற குறடு. சீட்டைக் கழட்டாம, தலைகீழா படுக்காம, ஸ்டீயரிங் அடியில தலையை நுழைக்காம அந்த இடத்துக்கு கை போகுதா, கண்ணுல எழுத்து படிக்க முடியுதான்னு பாருங்க. மழையில, ரோட்டோரத்துல, பக்கத்துல லாரி போயிட்டிருக்கும்போது இதே வேலையைத்தான் பண்ணப் போறீங்க. கார் ஓட்டுற வீட்டுக்காரங்க வேற யாராவது இருந்தா அவங்களையும் உட்கார வெச்சுப் பாருங்க, அவங்க கை நீளம் வேற.

கூடவே, ஆளுங்க கால் எங்க இருக்கும்னு பாருங்க. பெடலுக்கு மேல பாக்ஸ் இருந்து, கட்டின டை அறுந்து வயர் தொங்கி பிரேக் பெடல்ல மாட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாசஞ்சர் முட்டிக்கு நேரா கூர்மையான பெட்டி நீட்டிக்கிட்டு இருந்தா சின்ன மோதல்லயே முட்டி போயிரும். ரேடியேட்டருக்கு முன்னாடி, ஹெட்லைட்டுக்கு பின்னாடி மட்கார்டு உள்பக்கம்னு முன் நுனியில வெச்சா, மோதுன உடனே நசுங்குறது லைவ் வயர்கள் எல்லாம் சேர்ற இடம், அதுவும் பெட்ரோல் பைப்பும் நசுங்கியிருக்கிற அதே நேரத்துல.

இவ்வளவும் பார்த்தா என்ன மிச்சம் இருக்கும்? பெரும்பாலான பழைய கார்ல ரெண்டு மூணு இடம்தான். என்னோட முதல் சாய்ஸ் குளோவ் பாக்ஸுக்கு பின்னாடி, ஃபயர்வாலோட கேபின் பக்கம், ஆளுங்க கால் படாத உயரத்துல. குளோவ் பாக்ஸ் உள் பெட்டியைக் கழட்டினா நேரா கண்ணுக்குத் தெரியணும். அதுக்கு அடுத்தது, டாஷுக்கு கீழ கீல் வெச்சு கீழ மடங்குற மாதிரி ஒரு தட்டு, ஓட்டும்போது மேல மடிச்சு திருகி வெச்சுக்கலாம், வேலைன்னா மடக்கி மடி மேல வெச்சு பார்க்கலாம். இது கழுத்து வலிக்காம வேலை செய்ய எவ்வளவு சுகம்னு ஒரு தடவை பண்ணினாத்தான் தெரியும், ஆனா வயர் கட்டு கீல் பக்கமா வந்து முறுக்குற மாதிரி மடங்கணும், நேரா இழுபடுற மாதிரி வரக்கூடாது. மூணாவது, பாசஞ்சர் கால் பக்கம் கதவுக்கு முன்னாடி இருக்கிற பக்கவாட்டு தகடு. நிறைய பேர் இங்கதான் மாட்டுறாங்க, பார்க்க வசதியா இருக்கும், ஆனா ஜாலியில இருந்து தண்ணி வடியுற வழி பல கார்ல அந்தத் தகட்டுக்கு உள்ளதான், துருப்பிடிக்கிறதும் அங்கதான் முதல்ல. பேப்பர் டெஸ்ட் பாஸாகாம அங்க வெக்காதீங்க.

சீட்டுக்கு அடியில வேண்டாம், தரையில தண்ணி தேங்குனா முதல்ல முங்குறது அது. டிக்கியிலயும் வேண்டாம், பேட்டரி அங்க இருந்தா கூட.

பேட்டரி இருக்கிற இடத்தைப் பொறுத்து பாக்ஸ் இடத்தை மாத்தணுமான்னு நிறைய பேர் கேப்பாங்க. பழைய மினியில பேட்டரி டிக்கியில, பீட்டில்ல பின் சீட்டுக்கு அடியில. பாக்ஸை பேட்டரி பக்கம் இழுக்கிறதை விட, பேட்டரில இருந்து பாக்ஸ் வரைக்கும் நல்ல தடிமனான ஒரே கேபிள் கொண்டு போறது மேல். கணக்கு போட்டுப் பாருங்க, 6 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் மீட்டருக்கு கிட்டத்தட்ட 2.9 மில்லி ஓம், 5 மீட்டர் ஓடுனா 14.4, அதுல 30 ஆம்பியர் போனா 0.43 வோல்ட் வழியிலயே போயிரும். அதே தூரம் 16 சதுர மில்லிமீட்டர்ல 0.16 வோல்ட்தான். 6 வோல்ட் கார்னா இன்னும் கவனம், அதே வாட்ஸுக்கு ரெண்டு மடங்கு கரண்ட் ஓடும், அதே வயர்ல நஷ்டமும் ரெண்டு மடங்கு, இருக்கிறதே பாதி வோல்ட்ங்கிறதால விழுக்காட்டுல பார்த்தா நாலு மடங்கு. அங்க ஒவ்வொரு அடி நீளமும் லைட் வெளிச்சத்துல தெரியும்.

ஆனா அந்த தடிமனான கேபிளை சும்மா விட்டுறக் கூடாது. பேட்டரில இருந்து ஃப்யூஸ் பாக்ஸ் வரைக்கும் இருக்கிற வயரை பாக்ஸ்ல இருக்கிற எந்த ஃப்யூஸும் காப்பாத்தாது, ஃப்யூஸுக்கு அப்புறம் இருக்கிற வயரைத்தான் அது காப்பாத்தும். அதனால பேட்டரி பாசிட்டிவ்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஒரு பெரிய மெயின் ஃப்யூஸ் போடுங்க, போல்ட் போட்டு இறுக்குற மிடி டைப் நல்லா இருக்கும். பழைய கார்கள்ல பேட்டரில இருந்து டாஷுக்கு வர்ற மெயின் லைவ், பிரிட்டிஷ் கார்ல பிரவுன் கலர்ல வரும், அதுல எங்கயுமே ஃப்யூஸ் இருக்காது. டாஷுக்கு பின்னாடி அந்த ஒரு வயர் உரசினா பேட்டரி காலியாகுற வரைக்கும் எரியும். முழு வயரிங் மாத்தும்போது இதைச் சரி பண்ணாம விட்டா மாத்தினதுல பாதி பிரயோஜனம் இல்ல. ஸ்டார்ட்டர் கேபிள் மட்டும் தனி, அது இந்த மெயின் ஃப்யூஸ் வழியா போகாது.

ரிலே எங்க வெக்கிறது? பாக்ஸ் பக்கத்துலயே இடம் இருந்தா அங்கயே வைங்க, காய்ஞ்ச இடம்தானே. லைட் பக்கத்துல முன்னாடி வெச்சே ஆகணும்னா ரிலேவோட கால் (வயர் சொருகுற பின்) கீழ பார்த்த மாதிரி மாட்டுங்க, தண்ணி நிக்காது, அதுக்கான ஃப்யூஸ் மட்டும் கரண்ட் கிளம்புற பக்கமே இருக்கட்டும். ரெண்டு ஹெட்லைட்டையும் ஒரே ஃப்யூஸ்ல போடாதீங்க, வளைவுல ரெண்டும் ஒண்ணா அணைஞ்சா என்ன பண்ணுவீங்க.

இப்ப பாக்ஸ் வாங்குறது. இடம் முடிவானதுக்கு அப்புறம்தான் பாக்ஸ், இதை அடிக்கோடு போட்டு வெச்சுக்கோங்க. ஏன்னா சில பாக்ஸ்ல வயர் பின்பக்கமா வரும், சிலதுல பக்கவாட்டுல, சிலதுல அடியில. பின்பக்கம் வயர் வர்ற பாக்ஸை தகட்டுல ஒட்டி வெக்க முடியாது, பின்னாடி வயர் வளைய குறைஞ்சது 7, 8 சென்டிமீட்டர் காலி இடம் வேணும். பக்கவாட்டு டைப்னா தகட்டுல அப்படியே படுக்கும், ஆனா ரெண்டு பக்கமும் இடம் வேணும். எத்தனை சர்க்யூட் எழுதினீங்களோ அதுக்கு மேல மூணு நாலு காலி ஸ்லாட் இருக்கிறதா வாங்குங்க, எப்பவும் லைவ்ல இருக்கிறதுக்கு ஒரு பக்கம், சாவி போட்டா மட்டும் வர்றதுக்கு ஒரு பக்கம்னு லைவ் பட்டை ரெண்டா பிரிஞ்சிருந்தா வேலை சுத்தமா இருக்கும், இல்லேன்னா ரெண்டு சின்ன பாக்ஸ் பக்கத்துல பக்கத்துல.

பிளேடு ஃப்யூஸுக்கு (இப்போ வர்ற, ரெண்டு தட்டைக் கால் இருக்கிற பிளாஸ்டிக் ஃப்யூஸ்) மாறுறவங்களுக்கு இங்க ஒரு எச்சரிக்கை சொல்லியே ஆகணும், இடத்தோட சம்பந்தம் இல்லாட்டியும். பழைய பிரிட்டிஷ் கார்ல வர்ற லூகாஸ் கம்பெனி கண்ணாடி ஃப்யூஸ்ல 35ன்னு போட்டிருக்கும், அது உருகுற அளவு, தொடர்ந்து தாங்குறது 17 ஆம்பியர்தான். 35ன்னு போட்டிருக்கேன்னு 35 ஆம்பியர் பிளேடு சொருகாதீங்க, வயர்தான் ஃப்யூஸா மாறும். வயர் தாங்குற அளவைப் பார்த்து 15 இல்ல 20.

இடம், பாக்ஸ் ரெண்டும் ஆச்சு, இன்னும் ட்ரில் எடுக்காதீங்க. பாக்ஸ் சைஸுக்கு தடிமனான அட்டையில ஒரு பெட்டி பண்ணுங்க, மூடி திறக்கிற உயரத்தையும் வயர் வளையுற இடத்தையும் சேர்த்துப் பண்ணுங்க. டேப் போட்டு ஒட்டுங்க. இப்ப கார்ல அசையுற எல்லாத்தையும் அசைச்சுப் பாருங்க, பெடலை அடி வரைக்கும் மிதிங்க, ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்புங்க, வைப்பரை ஓட விடுங்க, டாஷ் பின்னாடி வைப்பர் தண்டு எங்க ஆடுதுன்னு பாருங்க, ஹீட்டர் லிவரை இழுங்க, குளோவ் பாக்ஸை நிறைச்சு மூடுங்க. ஒரு வாரம் அந்த அட்டையோடயே ஓட்டுங்க. அட்டை நசுங்கியிருந்தா, நனைஞ்சிருந்தா, கழண்டு விழுந்திருந்தா, அது ஏன்னு பார்த்துட்டு நகர்த்துங்க. அட்டையை நகர்த்துறது ஒரு நிமிஷம், தகட்டுல போட்ட ஓட்டையை நகர்த்த முடியாது.

ஓட்டை போடாமலே மாட்ட முடிஞ்சா அதுதான் ரொம்ப நல்லது. ஏற்கனவே இருக்கிற போல்ட்டு, பழைய பாக்ஸ் ஓட்டை, டாஷ் தாங்கி, இதுல பிடிக்கிற மாதிரி ஒரு அலுமினிய தகட்டுல பிராக்கெட் பண்ணி, பாக்ஸை அந்தத் தகட்டுல மாட்டுங்க. நாளைக்கு யாராவது காரை ஒரிஜினலா கொண்டு போகணும்னா ஒரு தழும்பு கூட இருக்காது. அலுமினியம் கரண்ட் கடத்தும், அதனால பின்பக்கம் லைவ் போல்ட் தகட்டுல படாம நடுவுல கெட்டியான பிளாஸ்டிக் ஷீட் வைங்க. ஓட்டை போட்டே ஆகணும்னா முதல்ல மறுபக்கம் போய் பாருங்க, பிரேக் பைப், பெட்ரோல் பைப், வேற வயர் கட்டு எதாவது இருக்கான்னு. ட்ரில் பிட்ல டேப் சுத்தி ஆழத்தை நிறுத்துங்க. போட்ட ஓட்டை விளிம்புக்கு உடனே பிரைமர், இல்லேன்னா துரு அங்க இருந்து ஆரம்பிக்கும்.

மாட்டும்போது வயர் கீழ் பக்கமா வெளிய வர்ற மாதிரி வைங்க, பாக்ஸுக்கு வர்ற ஒவ்வொரு கட்டும் முதல்ல பாக்ஸை விட கீழ இறங்கி அப்புறம் மேல ஏறணும், தண்ணி வயரைப் பிடிச்சு வந்தா அந்த வளைவுல சொட்டிரும். எனக்கு முதல் கார்ல இந்த ஒரு வளைவு இருந்திருந்தா அந்த கூலன்ட் தரையில சொட்டியிருக்கும். பாக்ஸுக்கு பக்கத்துல 10 சென்டிமீட்டருக்குள்ள வயர் கட்டை ஒரு கிளிப் போட்டு தகட்டுல பிடிங்க, அதிர்வு டெர்மினலுக்கு போகாது. அந்த கிளிப்புக்கு முன்னாடி ஒவ்வொரு வயருக்கும் ஒரு சாண் நீளம் கூடுதலா மடிச்சு விடுங்க, ஒரு டெர்மினல் கெட்டுப் போனா வெட்டிட்டு புதுசு போட நீளம் இருக்கும். ஃபயர்வால் ஓட்டை எல்லாத்துக்கும் ரப்பர் கிரொமெட் (ஓட்டை விளிம்பை மூடுற ரப்பர் வளையம்), ஒண்ணு கூட விடாம.

எர்த்துக்கும், அதாவது கரண்ட் பேட்டரிக்கு திரும்பிப் போற வழிக்கும், இதே இடத்துல ஒரு பட்டை வெச்சிருங்க. டாஷ் மீட்டர், ஹீட்டர் ஃபேன், ரேடியோ எர்த் எல்லாம் ஆளுக்கு ஒரு ஸ்க்ரூ தேடாம ஒரே இடத்துக்கு வந்து, அங்க இருந்து ஒரு தடிமனான வயர் பெயிண்ட் சுரண்டின பாடிக்கு போகட்டும். ஃபைபர் பாடி கார்னா பாடி எர்த்தே கிடையாது, அந்த வயர் சேசிஸுக்கோ பேட்டரிக்கோ நேரா போகணும். பழைய பிரிட்டிஷ் கார் பலதும் பாசிட்டிவ் எர்த்துல, அதாவது பேட்டரி பாசிட்டிவ் பாடியில சேர்ற மாதிரி, வந்தது, உங்களோடது இன்னும் அப்படியே இருந்தா நான் மேல பேட்டரி பாசிட்டிவ்னு சொன்ன இடத்துல எல்லாம் நெகட்டிவ்னு படிங்க, மெயின் ஃப்யூஸும் அந்தப் பக்கம்தான் வரும்.

பழைய தோற்றம் கெடக்கூடாதுன்னு நினைக்கிறவங்க, அது நியாயமான ஆசை, பழைய பாக்ஸை அதோட இடத்துலயே விட்டுருங்க, சுத்தம் பண்ணி, வெறும் ஜாயிண்ட் மாதிரி பயன்படுத்துங்க இல்ல வயரே இல்லாம சும்மா நிக்கட்டும், உண்மையான பாக்ஸ் குளோவ் பாக்ஸுக்கு பின்னாடி வேலை பார்க்கட்டும். பானட்டைத் திறக்கிறவங்களுக்கு பழசு பழசாவே தெரியும்.

எல்லாம் மாட்டினதும் ராத்திரி காரை நிறுத்தி வெச்சு, இஞ்சின் ஓட, ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன், வைப்பர், முடிஞ்சா எல்லாத்தையும் ஒண்ணா போட்டு இருபது நிமிஷம் விடுங்க. அப்புறம் எல்லாத்தையும் அணைச்சிட்டு பாக்ஸ் மூடியைத் திறந்து ஒவ்வொரு ஃப்யூஸ் தலையையும் விரலால தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்ல, ஒண்ணு மட்டும் விரல் வெக்க முடியாத அளவு சுட்டா அந்த கிரிம்ப் சரியில்ல, அதை வெட்டிட்டு மறுபடி போடுங்க, கூடுதலா விட்ட அந்த ஒரு சாண் இதுக்குத்தான். மூடியோட உள்பக்கம் எந்த ஃப்யூஸ் எதுக்கு, எத்தனை ஆம்பியர்னு தண்ணியில அழியாத பேனாவால எழுதி, பக்கத்துல ஒவ்வொரு சைஸ்லயும் ரெண்டு ஸ்பேர் ஃப்யூஸும் அந்தக் குறடும் டேப் போட்டு ஒட்டி வெச்சிருங்க.